மூன்று நிமிட ஆய்வுரைப் போட்டி: 720 சொல் ஸ்கிரிப்டில் எதை வெட்டுவது?

#1 ஊற்றுக்கண்

நிலத்தடி நீரிலிருந்து ஃபுளோரைடை நீக்குவது பற்றிய முனைவர் பட்ட ஆய்வு. துறைச் சுற்றில் தமிழில் பேசலாம், பல்கலைக்கழகச் சுற்று ஆங்கிலத்தில். விதிகள் எல்லாம் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் ‘த்ரீ மினிட் தீசிஸ்’ போட்டி விதிகளேதான் என்று சொல்லிவிட்டார்கள். தமிழ் ஸ்கிரிப்ட் 720 சொல். வேகமாக வாசித்தாலும் ஏழு நிமிடம் ஆகிறது. தொடக்கம் இது:

“அவையில் கூடியிருக்கும் நடுவர் பெருமக்களுக்கும் பேராசிரியர்களுக்கும் சக ஆய்வாளர்களுக்கும் என் பணிவான வணக்கம். என் ஆய்வின் தலைப்பு: நிலத்தடி நீரிலிருந்து ஃபுளோரைடு நீக்கத்தில் செயலூட்டப்பட்ட அலுமினாவின் பரப்புக் கவர்ச்சித் திறன் மீது பைகார்பனேட் அயனிகளின் குறுக்கீடு.”

எங்கே கத்தி வைப்பது? ஸ்லைடில் என்ன போடுவது? குறள் சொல்லித் தொடங்கலாமா?

#2 மேடைவிளக்கு

முதலில் கணக்கு. ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 130 முதல் 150 சொல், அதாவது மூன்று நிமிடத்துக்கு 390 முதல் 450. தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் ஒட்டிக்கொண்டு சொல் நீளும் என்பதால் அந்தக் கணக்கு செல்லாது. 250 முதல் 280 சொல்லுக்குள் நிறுத்துங்கள். இது ஆளுக்கு ஆள் மாறும். எழுதியதில் ஒரு பத்தியை மேடையில் பேசுகிற வேகத்தில் ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்து, சொற்களை எண்ணிப் பாருங்கள். அதுதான் உங்கள் அளவு.

இலக்கு 3:00 அல்ல, 2:45. ஒரு வினாடி தாண்டினாலும் தகுதி நீக்கம்தான். அரங்கில் யாராவது சிரித்தால் நீங்கள் நிறுத்தியாக வேண்டும், சிரிப்பு அடங்க மூன்று நான்கு வினாடி போய்விடும். சொல் தடுமாறினால் இன்னும் இரண்டு. அந்தப் பதினைந்து வினாடி இதற்கெல்லாம்தான்.

இப்போது உங்கள் தொடக்கத்தைப் பாருங்கள். வணக்கமும் தலைப்பும் மட்டும் இருபது வினாடிக்குக் குறையாது. மொத்த நேரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு போன பிறகும் கேட்பவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பெயரையும் தலைப்பையும் தொகுப்பாளரே அறிவித்துவிடுவார். வணக்கம் வேண்டும் என்று மனசு சொன்னால் “வணக்கம்” என்ற ஒரே சொல் போதும்.

குறள் வேண்டாம். விதியில் பேச்சு மட்டும்தான், கவிதை, ராப், பாட்டு கூடாது என்று தெளிவாக இருக்கிறது. இரண்டடி மேற்கோளை நடுவர் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் போகலாம், எடுத்துக்கொள்ளவும் செய்யலாம். அந்தச் சந்தேகத்துக்கு எதற்கு இடம் கொடுக்கிறீர்கள்? தவிர, சொல்லிப் பொருளும் விளக்கினால் பதினைந்து வினாடி காலி.

#3 தாளடி

போட்டி ஏன் மூன்று நிமிடம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. குயின்ஸ்லாந்தில் கடும் வறட்சி நிலவிய காலம். குளிக்கும் நேரத்தைக் குறைக்க, மூன்று நிமிட மணல் கடிகாரத்தை வீடுகளில் குளியலறைச் சுவரில் ஒட்டி வைத்தார்கள். அதைப் பார்த்துத்தான் அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டமேற்படிப்புப் பள்ளிப் புலத் தலைவராக இருந்த பேராசிரியர் ஆலன் லாசனுக்கு இந்த யோசனை வந்தது. 2008இல் முதல் போட்டி, கலந்துகொண்டவர்கள் 160 பேர். 2010இல் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்த போட்டியாக வளர்ந்தது. இப்போது 85க்கும் மேற்பட்ட நாடுகளில் 900க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் நடத்துகின்றன.

80,000 சொல் ஆய்வேட்டைப் பேசி முடிக்க ஒன்பது மணி நேரம் ஆகும் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. ஒன்பது மணி நேரத்தை மூன்று நிமிடமாகப் பிழிய முடியாது. ஆய்வேட்டின் சுருக்கத்தைச் சொல்ல முயல்பவர்தான் முதலில் தோற்கிறார். ஒரே ஒரு கேள்வி, அதற்கு நீங்கள் கண்ட ஒரே ஒரு பதில். ஐந்து அத்தியாயம் எழுதியிருந்தால் நான்கை வீட்டிலேயே விட்டுவிட்டு வர வேண்டும்.

இன்னொன்று, தகுதியைப் பாருங்கள். மூல விதிப்படி, ஆய்வின் இடைநிலை உறுதிப்படுத்தல் கட்டத்தை (ஆய்வைத் தொடரலாம் என்று பல்கலைக்கழகம் ஒப்புதல் தரும் கட்டம்) தாண்டிய, இன்னும் பட்டம் பெறாத ஆய்வாளர்தான் போட்டியிடலாம். ஆய்வேட்டைச் சமர்ப்பித்து மதிப்பீட்டில் இருப்பவருக்கும் இடம் உண்டு.

#4 ஊற்றுக்கண்

நன்றி. அப்படியானால் எனக்கு ஒரே கேள்வி: ஆய்வகத்தில் ஃபுளோரைடை நன்றாகப் பிடிக்கும் அலுமினா (வடிகட்டியில் போடும் அலுமினிய ஆக்சைடுத் துகள்), ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் ஏன் திணறுகிறது? மற்ற மூன்று அத்தியாயங்களையும் எடுத்துவிட்டேன். புதிய தொடக்கம்:

“தருமபுரிப் பக்கம் ஒரு குழந்தை சிரித்தால் போதும், அது எந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தது என்று சொல்லிவிடலாம்.”

#5 நடுவர்மேசை

தொடக்கம் காதில் நிற்கிறது. ஆனால் உண்மையில்லை. ஃபுளோரைடால் பல்லில் வந்த கறையை வைத்து எந்தக் கிணறு என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த வட்டாரத்தில் எல்லாக் குழந்தைக்கும் கறை இருப்பதுபோன்ற தொனியும் வருகிறது. மதிப்பெண் தாளில் இதற்கென்றே ஒரு கேள்வி உண்டு: ஆய்வை மலினப்படுத்தாமல், பொத்தாம்பொதுவாக்காமல் பேசினாரா? எளிமையாகச் சொல்கிறேன் என்று பொய் சொன்னவர் அங்கேதான் மாட்டுவார். நடுவர்களில் ஒருவர் வேதியியலோ பல் மருத்துவமோ தெரிந்தவராக இருந்துவிட்டால், அடுத்த இரண்டரை நிமிடமும் அவர் உங்களை நம்பமாட்டார்.

உண்மையே போதுமான அளவு வலுவாக இருக்கிறது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

“ஒரு குழந்தையின் பல்லில் பழுப்புக் கறை. எவ்வளவு துலக்கினாலும் போகாது. ஏனென்றால் அது பல் துலக்காததால் வந்ததல்ல. பல் உருவாகும் வயதில் குடித்த தண்ணீரால் வந்தது.”

மதிப்பெண் இரண்டு பகுதி, இரண்டுக்கும் சம எடை. ஒன்று புரிதலும் உள்ளடக்கமும்: பின்னணி, முக்கியத்துவம், முடிவு, தருக்க வரிசை, கலைச்சொல் விளக்கம். மற்றொன்று ஈடுபாடும் தொடர்பும்: கேட்பவருக்கு இன்னும் தெரிந்துகொள்ளத் தோன்றியதா, குரல், கண் தொடர்பு, நிற்கும் விதம், ஸ்லைடு துணை நின்றதா. நன்றாகப் பேசக்கூடியவர்கள் பலர் முதல் பகுதியில் கோட்டைவிடுவது ‘முடிவு’ என்ற இடத்தில். பிரச்சினையை இரண்டு நிமிடம் உருக்கமாகச் சொல்லிவிட்டு, “இதற்குத் தீர்வு காணவே என் ஆய்வு” என்று நிறுத்திவிடுகிறார்கள். என்ன செய்தார், என்ன கண்டார் என்பதே இல்லை. ஒரு பகுதிக்கு அளவுக்கு மீறி நேரம் கொடுத்தாரா என்பதும் தாளில் உள்ள கேள்விதான்.

என் கணக்கில் 40ஆவது வினாடிக்குள் கேள்வி வந்துவிட வேண்டும். 60ஆவது வினாடியில் உங்கள் கை ஆய்வகத்தில் இருக்க வேண்டும். 120 வாக்கில் கண்டுபிடிப்பு.

#6 மேடைவிளக்கு

#5இல் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். எண் பற்றியும் ஒரு சொல். குடிநீரில் ஃபுளோரைடுக்கு இந்தியத் தரநிலை லிட்டருக்கு 1.0 மில்லிகிராம், வேறு நீர் கிடைக்காவிட்டால் 1.5 வரை. “1.5 மில்லிகிராம்” என்று சொன்னால் யார் மனத்திலும் எதுவும் ஓடாது. மொட்டைமாடியில் இருக்கும் 1,000 லிட்டர் தொட்டியை நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தத் தொட்டி முழுக்க இருக்கலாம் என்று அனுமதித்தது ஒன்றரை கிராம், ஏறக்குறைய கால் டீஸ்பூன் உப்பின் எடை. உரை முழுக்க இரண்டு எண்ணுக்கு மேல் வேண்டாம். மூன்றாவது எண் வந்ததும் முதல் எண் மறந்துபோகும்.

#7 ஊற்றுக்கண்

தொட்டிக் கணக்கை எடுத்துக்கொண்டேன். அடுத்த சிக்கல், பரப்புக் கவர்ச்சி. “அலுமினா ஒரு ஸ்பாஞ்சு மாதிரி ஃபுளோரைடை உறிஞ்சும்” என்று எழுதியிருந்தேன். கைடு அடித்துவிட்டார்.

#8 தாளடி

அடித்தது சரி. ஸ்பாஞ்சு என்றால் உள்ளே இழுத்துக்கொள்வது. இங்கே நடப்பது துகளின் பரப்பில் ஒட்டிக்கொள்வது. உங்கள் கண்டுபிடிப்பே அந்தப் பரப்பில் யாருக்கு இடம் என்பதுதானே? அப்படியிருக்க ஸ்பாஞ்சு உவமை உங்கள் முடிவையே விழுங்கிவிடும். உவமையைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியது இதைத்தான்: தொடக்கத்தில் சொன்ன உவமை கண்டுபிடிப்பு வரை கூடவே வருமா?

பேருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அலுமினாத் துகள் ஒரு பேருந்து, பரப்பில் இருக்கைகள். ஃபுளோரைடு ஏறி உட்கார வேண்டும். ஆய்வகத் தண்ணீரில் ஃபுளோரைடு மட்டும்தான் பயணி, எல்லாருக்கும் இடம் கிடைக்கிறது. கிணற்றுத் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் அயனி முன்னாலேயே ஏறித் துண்டு போட்டு இடம் பிடித்துவிடுகிறது. நம் ஊரில் துண்டு போடுவதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

#9 கரைசல்

பொறுங்கள். வேதியியல்படி அது பாதிதான் சரி. பைகார்பனேட் இடத்துக்குப் போட்டி போடுவது ஒரு பக்கம். அது நீரின் பி.எச். மதிப்பையும் (அமில, காரத் தன்மையின் அளவு) மேலே தள்ளிப் பிடித்துவைக்கிறது. செயலூட்டிய அலுமினா ஃபுளோரைடை நன்றாகப் பிடிப்பது பி.எச். 5க்கும் 6க்கும் நடுவில். 8ஐத் தாண்டிப் போகப் போக, பரப்பின் நேர்மின்னேற்றம் குறைந்து ஃபுளோரைடை ஈர்க்கும் பிடியே தளர்ந்துவிடும். இருக்கை காலியாக இருந்தாலும் உட்காராது. எது எவ்வளவு என்று பிரித்துக் காட்டியதுதான் ஆய்வு என்றால் துண்டு உவமை மட்டும் தவறான படத்தைக் கொடுக்கும்.

#10 தாளடி

நல்ல திருத்தம். உவமையைத் தூக்கிப் போடத் தேவையில்லை, ஒரு வரி சேர்த்தால் போதும்: “துண்டு போடுவது மட்டுமல்ல, பைகார்பனேட் வந்தால் இருக்கையே வழுக்க ஆரம்பிக்கிறது.” இதற்கு மேல் பி.எச். என்ற சொல்லே வேண்டாம். ஊற்றுக்கண், உங்கள் தரவில் எது முதன்மைக் காரணம்?

#11 ஊற்றுக்கண்

வழுக்குவதுதான். பி.எச். மதிப்பைச் செயற்கையாக 6இல் நிறுத்திவைத்தால் இழந்த திறனில் பெரும்பகுதி திரும்பிவிடுகிறது.

#12 நடுவர்மேசை

அப்படியானால் அதுதான் உங்கள் 120ஆவது வினாடி! “எல்லாரும் துண்டைத்தான் குற்றம் சொல்வார்கள் என்று நினைத்தேன். சோதித்துப் பார்த்தால், பெரும் குற்றவாளி வழுக்கும் இருக்கை.” கேட்பவர் ஒன்றை எதிர்பார்த்து, வேறொன்று கிடைக்கும் இடம் இது. மேடையில் அழகாக ஒலிக்கும், ஆய்வாகவும் சரியாக இருக்கிறது. இதைத்தான் தேட வேண்டும்.

முடிவில் “இனி தருமபுரியில் ஃபுளோரைடு இருக்காது” என்ற தொனி வரவே கூடாது. வடிகட்டிக்கு முன்னால் பி.எச். மதிப்பைச் சரிசெய்யும் ஒரு கட்டம் சேர்த்தால் அதே அலுமினா அதிக நாள் உழைக்கும் என்பது வரைக்கும் தரவு சொன்னால், அதுவரைக்கும் சொல்லுங்கள்.

#13 கல்வெட்டுக்காரி

அறிவியல்காரர்களுக்கே எல்லாரும் சொல்கிறீர்கள். வரலாறு, இலக்கியம் படிப்பவர்களும் இந்த மேடையில் ஏறுகிறார்கள். எங்கள் பக்கம் வரும் சிக்கல் வேறு மாதிரி.

உதாரணமாக, சோழர் காலத்து ஏரிப் பராமரிப்பு பற்றிய ஆய்வு என்று வைத்துக்கொள்வோம். பேசுபவர் உத்திரமேரூர், முதலாம் பராந்தகன், 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், குடவோலை என்று ஒரு நிமிடம் ஓட்டுவார். அரங்கில் தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்தவர் எல்லாருக்கும் குடவோலை தெரியும். தெரிந்ததைத் திரும்பக் கேட்டதும் அவர்கள் கவனம் கழன்றுவிடும். அந்த ஒரு நிமிடத்தை, ஏரியில் வண்டல் எடுக்க வைத்த ஒரே ஒரு நிவந்தத்துக்கு (அறக்கொடைக்கு) கொடுக்கலாம். யார் பொன் கொடுத்தார், வட்டி யார் கையில், எவ்வளவு மண் எடுக்க வேண்டும் என்று கல் என்ன சொல்கிறது? ஒரு கல்லை அருகில் போய்ப் படித்துக் காட்டினால் மற்ற நூறு கல்லும் எப்படி இருக்கும் என்று கேட்பவருக்கே பிடிபட்டுவிடும்.

ஆய்வு வரலாற்றை முழுசாக விட்டுவிடுங்கள். முன்னோர் யார் யார் என்ன சொன்னார்கள் என்பது வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்குத்தான். “இதுவரை இப்படி நினைத்தோம்” என்று ஒரே வாக்கியம், “கல் வேறு சொல்கிறது” என்று அடுத்த வாக்கியம். எங்களுக்கு ‘முடிவு’ என்று எண் வராது என்பதால் பலர் முடிவே சொல்லாமல் இறங்குகிறார்கள். ஒரு வாதத்தை “ஆகவே” போட்டு ஒரு வரியில் சொல்ல முடிய வேண்டும். அது முடியவில்லை என்றால் ஸ்கிரிப்டைத் தொடாமல் ஆய்வேட்டின் முன்னுரைக்குத் திரும்புங்கள், கோளாறு அங்கே இருக்கிறது.

ஸ்லைடுக்கு ஒரு மைப்படி (கல்வெட்டைத் தாளில் மையொற்றி எடுத்த படி) போதும். அதில் ஒரே ஒரு சொல்லைச் சுற்றி வட்டம்.

#14 மேடைவிளக்கு

ஸ்லைடு என்றதும் நினைவுக்கு வருபவை. ஒரே ஸ்லைடு, அசையாதது. அனிமேஷன், டிரான்சிஷன், வீடியோ, ஒலி எதுவும் கூடாது, அசையும் ஜிஃப் படமும்தான். வாய் திறக்கும் முன்பே திரையில் வந்துவிடும், மூன்று நிமிடமும் நிற்கும். அதில் நாற்பது சொல் எழுதியிருந்தால் முதல் பத்து வினாடி எல்லாரும் படித்துக்கொண்டிருப்பார்கள், உங்கள் தொடக்க வரி காற்றில் போகும். ஆறேழு சொல் போதும், எழுத்து 32 புள்ளிக்குக் கீழே வேண்டாம். வெள்ளைப் பின்னணியில் மஞ்சள் எழுத்து புரொஜெக்டரில் காணாமல் போகும். 16:9 அளவில் செய்யுங்கள். தமிழ் எழுத்துரு அங்கேயுள்ள கணினியில் இல்லாவிட்டால் கட்டம் கட்டமாக வரும். அதனால் எழுத்தைப் படமாக மாற்றியே ஸ்லைடில் ஒட்டுங்கள், பி.டி.எஃப். நகல் ஒன்றும் பென்டிரைவில் இருக்கட்டும்.

ஊற்றுக்கண், குழந்தையின் பல் படம் போடும் எண்ணம் இருந்தால் முகம் தெரிய வேண்டாம், பெற்றோர் ஒப்புதல் எழுத்தில் வேண்டும். கோட்டோவியம் வரைந்துவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை. இணையத்தில் எடுத்த படமும் வேண்டாம். உரையைப் பதிவுசெய்து வெளியிடுவது வழக்கம், உரிமைச் சிக்கல் வரும்.

#15 கரைசல்

பதிவு என்றதும் சொல்லியாக வேண்டும். காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் அதை முதலில் போடுங்கள், பிறகு மேடை ஏறுங்கள். பொது மேடையில் சொல்வதும் வெளியிடுவதுதான். புதுமை போய்விட்டது என்று விண்ணப்பம் தள்ளுபடியாக வாய்ப்புண்டு. கைடோடும் பல்கலைக்கழகக் காப்புரிமைப் பிரிவோடும் பேசி, எதைச் சொல்லலாம், எந்தச் செய்முறையை மறைக்கலாம் என்று முடிவெடுத்த பிறகே ஸ்கிரிப்ட்.

#16 ஊற்றுக்கண்

மனப்பாடம் செய்வதா வேண்டாமா? இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள். ஆங்கிலச் சுற்றுக்கு இதையே மொழிபெயர்த்தால் போதுமா?

#17 தாளடி

மொழிபெயர்க்காதீர்கள், மறுபடி எழுதுங்கள். துண்டு போடுவது வெளிநாட்டு நடுவர்களுக்குப் புரியாது. அவர்களுக்குக் காலி இருக்கையில் பையை வைத்து இடம் பிடிப்பவர் என்றால் உடனே புரியும். மொட்டைமாடித் தொட்டிக்குப் பதில் குளியல் தொட்டி சொல்லலாம், ஆனால் அதன் கொள்ளளவு ஏறக்குறைய 150 லிட்டர்தான், கணக்கை மாற்ற மறக்கக் கூடாது.

மனப்பாடம் வேண்டும் என்றே சொல்வேன். மூன்று நிமிடத்தில் யோசித்துப் பேச நேரம் கிடையாது. ஆனால் வரிசையாக வரிவரியாக மனப்பாடம் செய்தவர் ஒரு சொல் விட்டால் மொத்தமும் போய்விடும். முதல் வாக்கியம், கேள்வி, கண்டுபிடிப்பு, கடைசி வாக்கியம் ஆகிய நான்கு தூண்களையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும். நடுவில் மறந்தால் அடுத்த தூணுக்குத் தாவுங்கள், விட்டதைத் தேடித் திரும்ப வேண்டாம். எதை விட்டீர்கள் என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

ஒத்திகையில் பாதியிலிருந்து தொடங்கிப் பழகுங்கள். எப்போதும் முதலிலிருந்தே தொடங்கினால் முதல் நிமிடம் வைரம்போல இருக்கும், கடைசி நிமிடம் மண்ணாக இருக்கும். துறைக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் பேசிக் காட்டி, ‘புரிந்ததா’ என்று கேட்காதீர்கள், தலையாட்டத்தான் செய்வார். “நான் என்ன கண்டுபிடித்தேன், நீங்களே சொல்லுங்கள்” என்று கேளுங்கள். அவர் துண்டைப் பற்றிச் சொல்லி வழுக்குவதை விட்டால், 120ஆவது வினாடியை மறுபடி எழுத வேண்டும்.

#18 ஒலிப்பலகை

மைக் பத்தி யாரும் பேசல. காலர் மைக்குன்னா தாடையிலிருந்து ஒரு சாண் கீழே மாட்டணும். துப்பட்டா, சேலை மடிப்பு, கழுத்துல தொங்குற ஐடி கார்டு, எது உரசினாலும் கரகரன்னு அரங்கு முழுக்கக் கேட்கும். ஐடி கார்டைக் கழற்றிட்டு ஏறுங்க. சேலைன்னா மைக்கை முந்தானை இல்லாத பக்கம் மாட்டச் சொல்லுங்க. டிரான்ஸ்மிட்டர் பெட்டி செருக இடுப்புல பிடிமானம் வேணும், அதையும் முந்தின நாளே யோசிச்சுக்கணும். கைமைக்குன்னா ஒரு கை போச்சு, அதனால ரெண்டு கையாலயும் காட்டுற சைகை ஒத்திகையிலேயே இருக்கக் கூடாது. எந்த மைக்குன்னு முன்னாடியே கேளுங்க.

#19 நடுவர்மேசை

நேரம் எப்போது தொடங்கும் என்பதையும் கவனியுங்கள். பேச்சால் மட்டுமல்ல, அசைவால் உரையைத் தொடங்கினாலும் கடிகாரம் ஓடத் தொடங்கும். தொடக்க வரிக்கு முன் பல்லைச் சுட்டிக்காட்டிச் சிரிப்பது போன்ற சைகை வைத்திருந்தால் அதுவும் கணக்கில் சேரும். மேடையில்தான் தொடங்க வேண்டும், பார்வையாளர் நடுவிலிருந்து பேசிக்கொண்டே வரக் கூடாது. பொருள் எதையும் கையில் எடுத்து வரக் கூடாது. அலுமினாக் குப்பியும்தான், ஆய்வக அங்கியும்தான்.

பொருள் காட்டியே ஆக வேண்டும் என்றால் ஃபேம்லேப் வேறு வகை. 2005இல் இங்கிலாந்தின் செல்டன்ஹாம் அறிவியல் விழாவில் தொடங்கியது. அங்கும் மூன்று நிமிடம், ஆனால் ஸ்லைடு கிடையாது, கையில் எடுத்து வரக்கூடிய பொருளுக்கு அனுமதி உண்டு. மேடையே ஒத்துவராதவர்கள் இந்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2018இல் தொடங்கிய ‘அவ்சார்’ பரிசைப் பார்க்கலாம். அது ஆய்வைப் பொதுவாசகருக்குக் கட்டுரையாக எழுதுவது.

#20 ஊற்றுக்கண்

இப்போது 268 சொல், மூன்று முறை பேசியதில் 2:41, 2:44, 2:49. கடைசி வரி இது: “தண்ணீரை மாற்ற முடியாத ஊரில், இருக்கையை உலரவைக்கலாம். நன்றி.”

#21 மேடைவிளக்கு

2:49 வந்த முறை எங்கே இழுத்தது என்று பதிவைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் தொட்டிக் கணக்கில்தான் இருக்கும். “ஏறக்குறைய” என்ற சொல்லை எடுக்காதீர்கள், கால் டீஸ்பூனுக்கு அது தேவை. “நினைத்துக்கொள்ளுங்கள்” என்பதை “நினையுங்கள்” ஆக்குங்கள்.

“உலரவைக்கலாம்” வேண்டாம். வழுக்கியது ஈரத்தால் என்று நீங்கள் சொல்லவேயில்லை, தண்ணீரில் உள்ள துகளை உலரவைப்பது என்றதும் கேட்பவர் குழம்புவார். “இருக்கையின் வழுக்கலைப் போக்கலாம்” போதும். சொல்லிவிட்டு ஒரு வினாடி அசையாமல் நில்லுங்கள், பிறகு நன்றி. அந்த நன்றியும் மூன்று நிமிடத்துக்குள் வர வேண்டும்.